ஆண்டவர் மாநிறம்

ஒன்பது வருடமாகப் பொன்னுராஜ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ராஜபாளையத்தில் அவன் போகிற தேவாலயத்தின் மைதானத்தில் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் சாயங்காலம் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதில் யூதாஸ் வேடம் அவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. கை நீட்டி வெள்ளிக்காசு வாங்குவான், தோட்டத்தில் போய் முத்தம் கொடுத்து ஆளைக் காட்டுவான், கடைசியில் கயிற்றில் நாண்டுகொண்டு சாவான். மறுநாள் காலை ஷிப்டுக்குப் பேண்டேஜ் யூனிட்டில் ஆஜராகிவிடுவான்.

அவனுக்கு இந்த வேடம் கிடைத்த கதை ரொம்பச் சின்னது. நடிக்க ஆசைப்பட்டுப் போய் நின்றவனைச் சபைச் செயலாளர் ஞானதுரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். "நீ யூதாஸ்" என்றார். வசனம் பேசச் சொல்லவில்லை, அழுதுகாட்டச் சொல்லவில்லை. பொன்னுராஜ் நல்ல கருப்பு. கருப்பாக இருப்பவன் காட்டிக்கொடுப்பான் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இயேசுவாக நடிப்பது ஞானதுரையின் மகன் வினோத். அவன் சுண்டக் காய்ச்சுவதற்கு முந்திய பாலின் நிறம். அதுவே அவனுக்குப் போதுமான தகுதியாக இருந்தது. வசனம் மட்டும் அவனுக்கு நிற்காது. கடைசி இராப்போஜனக் காட்சியில் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு அசையாமல் வசனத்தை எடுத்துக்கொடுக்கிறவன் யூதாஸ்தான். காட்டிக்கொடுக்கப் போகிறவனை நம்பி ஆண்டவர் பேச வேண்டியிருந்தது.

பேண்டேஜ் யூனிட்டின் முதலாளியும் ஞானதுரைதான். பன்னிரண்டு சீடர்களில் ஏழு பேருக்கு அவர்தான் சம்பளம் போடுகிறார். நாடக உடுப்பெல்லாம் யூனிட்டில் கழித்துப்போட்ட, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி. அந்த எருசலேமில் ஜனங்கள் மொத்தமும் ஏதோ பஸ் கவிழ்ந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எழுந்து வந்த மாதிரித்தான் நடமாடுவார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்டருகில் கை நிறைய மணலோடு காத்திருப்பார்கள். யூதாஸ் வெளியே வரும்போது வாரி எறிவார்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தானோ, பெற்றவர்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். பக்தியை வளர்க்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. பொன்னுராஜும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பயந்த மாதிரி ஒரு ஓட்டம் ஓடிக் காட்டுவான். பிள்ளைகள் சிரிப்பது அவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அவன் மகள் கார்த்திகா மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அது பிடிக்காமல் போனது. ஞாயிறு பள்ளியில் அவளுக்கு யூதாஸ் மகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரப்பர் காணவில்லை என்றால் முதலில் அவள் பையைத்தான் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். டீச்சரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளாம். பெரிய வெள்ளிக்கு முந்திய லெந்து நாட்கள் தொடங்கிய வாரம் அவள் அப்பனிடம் வந்து நின்றாள்.

"அப்பா, இந்த வருசம் நீங்க வேற யாராவது ஆகக் கூடாதா?"

"ஆகலாம் தாயீ. ஆயிருவோம்" என்று சொல்லிவிட்டான்.

நடிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாமே என்று மனைவி பாண்டிசெல்வி கேட்டாள். ஒதுங்கினால் 'முன்னே யூதாஸாக இருந்தானே, அவன்' என்றுதான் சொல்வார்கள். ஊர் ஒரு வேடத்தை மறக்க வேண்டுமென்றால் இன்னொரு வேடத்தைப் போட்டுக் காட்டினால்தான் உண்டு. அதுவுமில்லாமல், ஒன்பது வருடமாக எடுத்துக்கொடுத்த வசனத்தை ஒரு தடவையாவது தன் வாயால் உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் கிடந்து அரித்தது. அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வழி போதகர் மூலமாக வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த இளம் போதகர், பெங்களூரில் படித்தவர். படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், அந்தக் காலத்து யூதேயா ஜனங்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று பேச ஆரம்பித்தார். தோண்டியெடுத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால் ஆண்கள் ஐந்தடி ஐந்தங்குலம் இருந்தாலே அதிகம். வெயிலில் திரிந்த மேனி, கருத்த முடி, பழுப்புக் கண். அப்போஸ்தலன் பவுலைப் பார்த்த ரோமச் சேனாபதி, நீ அந்த எகிப்தியன்தானே என்று கேட்டிருக்கிறான்.

"ஆண்டவரை அடையாளம் காட்ட எதுக்கு ஒரு முத்தம் தேவைப்பட்டுச்சு? கூட்டத்துல தனியாத் தெரியலை, அதனாலதான். அவரு மத்தவங்க மாதிரியே இருந்தாரு. நம்ம பஸ் ஸ்டாண்டுல சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நின்னாருன்னா நீங்க தள்ளிக்கிட்டு ஏறிருவீங்க" என்றார்.

சபை ஆடிப்போய்விட்டது. ஆண்டவர் மரித்தார் என்றபோதுகூட அவ்வளவு வருத்தப்படாதவர்கள், அவர் ஐந்தடி ஐந்தங்குலம் என்றதும் வாயடைத்துப் போனார்கள். பொன்னுராஜ் மட்டும் வீட்டுக்குப் போய்க் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்று, பாண்டிசெல்வியைப் பென்சிலால் கோடு போடச் சொன்னான். ஐந்தடி நாலரை அங்குலம்.

அடுத்த வாரமே கமிட்டியில் கேட்டுவிட்டான். கமிட்டிக்கூட்டம் ஆலயத்தின் பக்கவாட்டு அறையில், மின்விசிறிக்குக் கீழே நடந்தது. பேசிய விஷயம் யூதேயாவின் ஜனங்கள். பேசியவர்களில் யூதேயாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

"நான் பன்னெண்டு வருசம் குவைத்துல குப்பை கொட்டினவன். அங்க அம்புட்டுப் பேரும் செவப்புதான். எங்ககிட்டப் போயி எலும்புக்கதை சொல்லாதீய" என்றார் குவைத்தார். அவர் பெயர் சபைக்கே மறந்து பல வருடமாகிவிட்டது.

"குவைத் வேற, யூதேயா வேறய்யா" என்றார் போதகர்.

"ரெண்டுலயும் மணல்தான பாஸ்டரய்யா?"

பொருளாளர் சுவரைக் காட்டினார். அங்கே காலண்டரில் நீலக் கண்ணும் தங்க முடியுமாக ஆண்டவர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஆதாரம் கேட்டா இதோ இருக்கு. வருசா வருசம் மாறாம இதே மூஞ்சிதான வருது?" என்றார். போதகர் எழுந்துபோய்க் காலண்டரின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். சிவகாசியில் அச்சடித்தது. அதற்கும் பொருளாளர் அசரவில்லை. "அவங்க சும்மா அடிப்பாங்களா? எதையாவது பாத்துத்தான அடிச்சிருப்பாங்க" என்றார்.

போதகர் பாவம், நேர்மையான ஆள். "அவரு இப்படித்தான் இருந்தாருன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. அந்த ஜனங்களும் எல்லாரும் ஒரே அச்சுல வார்த்தவங்க கிடையாது. ஆனா இந்தக் காலண்டர் மாதிரி இருந்திருக்க வாய்ப்பே இல்ல" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து, கல்யாணத் தரகர் நோட்டிலிருந்து எடுத்த மாதிரி ஒரு வார்த்தையில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஆண்டவர் மாநிறம். முன்மொழிந்தார் குவைத்தார், வழிமொழிந்தார் பொருளாளர். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இரண்டாயிரம் வருடக் கேள்வியை வடைக்கும் டீக்கும் நடுவில் தீர்த்துவைத்த திருப்தி எல்லார் முகத்திலும் இருந்தது.

பொன்னுராஜ் எழுந்து நின்றான். "அப்ப மொதலாளி... நான் இந்த வருசம் ஏசுவா நடிக்கட்டா? வசனம் அம்புட்டும் எனக்குத் தெரியும்."

ஞானதுரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அவர் போதகர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சந்தேகம் கேட்டார். "ஏன் பாஸ்டரய்யா, சீடருங்க எல்லாரும் கலிலேயாக்காரங்கதான? யூதாஸ் ஒருத்தன் மட்டும்தான் யூதேயா சீமையில பொறந்தவன்னு நீங்க பைபிள் ஸ்டடியில சொன்னாப்ல ஞாபகம்."

"அப்படிச் சொல்றவங்க உண்டு" என்றார் போதகர், எங்கே இழுத்துக்கொண்டு போகிறார் என்று தெரியாமல்.

"பொறவென்ன? அசல் யூதேயாக்காரன் யூதாஸ்தான். யூதேயாக்காரன் கருப்புன்னா, அதுக்கு நம்ம பொன்னுராசை விட்டா ஆள் ஏது? அவன் இருக்குற எடத்துலயே இருக்கட்டும். வினோத்துக்கு வேணும்னா மாநிறமா மேக்கப் போட்டுருவோம்."

ஒன்பது வருடமாகக் கருப்பு என்பதால் ஆண்டவராக முடியாது என்றார்கள். இப்போது ஆண்டவரே வெள்ளை இல்லை என்று ஆன பிறகு, வெள்ளைக்காரன் மாதிரி இருப்பவனுக்குக் கருப்புப் பூசுவார்களாம். பொன்னுராஜுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உண்மையை ஒப்புக்கொண்ட பிறகும் ஓர் அங்குலம் நகராமல் இருக்கக் கற்றவர்களிடம் யார் வாதாட முடியும்? போதகர் மறுத்து ஏதோ சொல்லப் போனார். மின்விசிறி வாங்கித் தந்தது யார் என்பதைப் பொருளாளர் சம்பந்தமில்லாமல் நினைவுபடுத்தினார். போதகருக்குத் தன் பங்குக்கு ஒரு சலுகை கிடைத்தது. ஆண்டவரும் சீடர்களும் ஒரே மாதிரிக் குட்டை முடி, குட்டைத் தாடி, ஒரே மாதிரி உடுப்பு. தனி அங்கி, ஒளிவட்டம் ஒன்றும் கிடையாது.

"நெறத்துக்கு மாதிரி வேணும்ல? தூரத்துல இருந்து பாக்கையில கருப்பாப் பூசினாத்தான் மாநிறமாத் தெரியும். ஏலே பொன்னுராசு, மேக்கப்காரிகிட்ட நீயே போயிட்டு வந்துரு" என்றார் ஞானதுரை.

அப்படித்தான் அவன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். மேக்கப்காரி நாகஜோதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பார்லர் வைத்திருப்பவள். சுற்றுவட்டாரக் கல்யாணப் பெண்களெல்லாம் அவள் கையால்தான் சிவப்பாகி மணமேடை ஏறுவார்கள். அவனைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் புறங்கையை நீட்டி, அதில் ஒவ்வொரு டப்பாவாகத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இருபது வருசமா கருப்பை வெள்ளையாக்கத்தான் சாமான் வாங்கி வச்சிருக்கேன். வெள்ளையைக் கருப்பாக்கணும்னு வந்த மொத பார்ட்டி நீங்கதான் தம்பி. இந்த நெறம் மதுரையிலயும் கெடைக்காது. மூணைக் கலந்தாத்தான் வரும்."

"கலந்துருங்கக்கா."

அவள் மூன்றையும் ஒரு தட்டில் கலக்கினாள். பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "நான் வேதக்காரி இல்ல, சர்ச்சுக்குப் போறவ இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். அதே நெறத்துல ஒரு ஆளு பொறந்து வளந்து உக்காந்திருக்கையில, எதுக்கு இன்னொருத்தருக்குப் பூசணும்?"

"கமிட்டி தீர்மானம்க்கா" என்றான் பொன்னுராஜ்.

இந்த வருடமும் யூதாஸ்தான் என்று கார்த்திகாவிடம் அவன் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று காலையில்தான் சொன்னான். அவள் அழவும் இல்லை. இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவன் வாழ்க்கையில் வாங்கிய மணலடி அத்தனையும் சேர்ந்து அந்தத் தட்டு நகர்ந்த சத்தத்துக்கு ஈடாகாது.

சாயங்காலம் நாலரைக்கு நாடகம். ஏப்ரல் வெயில் மேடைத் தகரத்தைக் காய்ச்சி வைத்திருந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். செல்போனை மூங்கிலில் கட்டி நேரலை வேறு. வினோத்தைப் பார்த்து ஜனங்கள் அசந்துபோனார்கள். "எம்புட்டு மேக்கப்பு! அசல் யூதனாட்டமே இருக்காம்ல" என்று அசல் யூதனையே பார்த்தறியாதவர்கள் வியந்தார்கள். அதே நிறத்தில் பக்கத்திலேயே நின்ற பொன்னுராஜை யாரும் வியக்கவில்லை. கடவுள் இலவசமாகக் கொடுத்த நிறத்துக்கு யார் கை தட்டுவார்கள்?

இராப்போஜனம் முடிந்து தோட்டத்துக் காட்சி வரும்போதே வினோத்துக்கு வேர்த்து ஊற்றியது. முழங்காலில் நின்று ஜெபிக்கிறவன், பழக்கதோஷத்தில் உடுப்பின் முனையால் முகத்தைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான். காஸ் துணி தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே பிறந்தது. யூனிட்டின் சரக்கு நல்ல தரம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாகஜோதி மூன்று டப்பாவைக் கலந்து பூசியது பாதிக்கு மேல் துணியில் இறங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரோமச் சேவகர்கள் வந்தார்கள். இருளப்பசாமியும் விஜயபாண்டியும். இரண்டு பேரும் மில்லில் வேலை பார்ப்பவர்கள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு என்பதால் வருடாவருடம் சேவகர் வேடத்துக்குக் கூப்பிடுவார்கள். இவர்கள் வேதக்காரர்கள் இல்லை, முத்தத்தின் மகிமையெல்லாம் தெரியாது. வெள்ளையாக இருப்பவரைப் பிடிக்க வேண்டும், இது ஒன்றுதான் ஒன்பது வருடமாக அவர்களுக்குத் தெரிந்த சுவிசேஷம். இந்த வருடம் ஷிப்ட் மாறியதால் ஒத்திகைக்கு வரவில்லை. மேக்கப் போடுவதற்கு முன்னால், மேடைக்குப் பின்னால் வைத்து வினோத்தே சொல்லிக்கொடுத்திருந்தான்: "அண்ணே, இந்த வருசம் ஏசு கருப்பு. கருப்பா இருக்கவரைப் பிடிங்க, வெள்ளையா இருக்கவரை விட்ருங்க."

பொன்னுராஜ் போய் முத்தம் கொடுத்தான். மிச்சமிருந்த பூச்சும் அவன் தாடியோடு வந்துவிட்டது. சீடர்கள் பாடம்பண்ணியபடி திசைக்கொருவராக ஓடினார்கள். ஒரே உடுப்பில், ஒரே தாடியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வெள்ளை, ஒருவன் கருப்பு. சேவகர்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பொன்னுராஜின் இரண்டு கையையும் பின்னால் கட்டினார்கள்.

"ஏய், நான் யூதாஸுய்யா" என்றான் அவன் மெதுவாக.

"வாயப் பொத்திக்கிட்டு வாரும். பிடிபட்டவன் அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்லுவான்" என்றார் இருளப்பசாமி. மனிதர் வேடத்துக்குள் முழுதாக இறங்கியிருந்தார்.

வினோத் வாயைத் திறந்தான். பிறகு மேடை ஓரத்தில் சாத்திவைத்திருந்த சிலுவை அவன் கண்ணில் பட்டது. அசல் வேங்கை மரம், போன வருடம் அதைச் சுமந்து அவன் தோள் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டான். ஞானதுரை முன்வரிசையிலிருந்து பாதி எழுந்தார். மகன் திரைக்குப் பின்னால் போவதையும், மூங்கிலில் செல்போன் சிவப்பு வெளிச்சத்தோடு முழித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மைக்கில் கதை சொல்லிக்கொண்டிருந்த போதகரும் எல்லாவற்றையும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யூதாஸ் வெளியே போய் நாண்டுகொண்டு செத்தான்" என்று ஒரே வரியில் அவன் கணக்கைத் தீர்த்துவிட்டு, கதையைப் பிலாத்துவின் அரண்மனைக்குக் கொண்டுபோனார். பெங்களூர்ப் படிப்பு உதவிய இடம் அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? பிலாத்து கேட்ட கேள்விக்கெல்லாம் பொன்னுராஜ் பதில் சொன்னான். ஒன்பது வருடமாக உதட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த வசனம் மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. சிலுவையைத் தூக்கியபோது அவன் தடுமாறியதும் நிஜம், முழங்கால் சிராய்த்ததும் நிஜம். சிலுவையிலிருந்து எல்லோரையும் மன்னித்தபோது ஜனம் ஓவென்று அழுதது. குவைத்தார் கர்ச்சீப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டார். மேலேயிருந்து அவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பாண்டிசெல்வி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். அவன் சந்தோஷமாகச் செத்தான்.

திரை விழுந்து, அவனைச் சிலுவையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே மைக்கில் ஞானதுரையின் குரல் கேட்டது. "இயேசுவாக நடித்து நம் உள்ளங்களையெல்லாம் உருக்கிய தம்பி வினோத்துக்குப் பொன்னாடை!" நோட்டீசில் அச்சடித்திருந்தது அப்படித்தான். வினோத் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு, ரோஸ்மில்க் குடித்து முடித்துவிட்டு மேடை ஏறினான். கொஞ்சம் நெளியத்தான் செய்தான். ஆனால் சால்வையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. கைதட்டல் அடங்கவே நேரமானது. அம்புட்டுக் கருப்பையும் ஒரே கழுவில் எடுத்துவிட்டார்களே என்று பெண்கள் பார்லர் விலாசம் விசாரித்தார்கள்.

கூட்டத்துக்கு நடுவே ஒரு குரல் கத்தியது. "அது எங்கப்பா! அவரு இல்ல, எங்கப்பா!"

யாரோ சிரித்தார்கள். "உங்கப்பன் யூதாஸ் பாப்பா. அப்பமே நாண்டுக்கிட்டாரு."

பொன்னுராஜ் உடுப்பைக்கூட மாற்றாமல், சாயரத்தமும் சிராய்ப்பு ரத்தமுமாக, கூட்டத்துக்குள் இறங்கிப்போய் மகளின் கையைப் பிடித்தான். அவனைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு முன்னால் அவனுக்காகவே அழுது கண் வீங்கியிருந்த ஓர் அம்மாள் சொன்னாள். "ஆண்டவரைக் காட்டியும் கொடுத்துட்டு, அவரு ரத்தம் பட்ட உடுப்பையும் மாட்டிக்கிட்டு வாரான் பாரு எடுபட்ட பய."

கேட்டருகில் பிள்ளைகள் தயாராக நின்றார்கள். முதல் கை மணல் அவன் மார்பில் விழுந்தது. இரண்டாவது, கார்த்திகாவின் தலையில் விழுந்தது. சிலுவை மேலிருந்து ஊரை மன்னிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்பதுதான் ஆகாத காரியம். குனிந்து மகள் முடியைத் தட்டிவிடப் போனான். அவள் அவன் கையை உதறிவிட்டாள். கீழே உட்கார்ந்தாள். தன் சின்னக் கை கொள்கிற மட்டும் மணலை அள்ளிக்கொண்டு எழுந்து, கேட்டருகில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து எறிந்தாள். அது பாதி தூரத்திலேயே விழுந்துவிட்டது.

பாண்டிசெல்வி பதறிப்போய் அவளைப் பிடிக்க ஓடிவந்தாள். சபையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அவளை விடு" என்றான் பொன்னுராஜ். பிறகு மகளிடம் குனிந்து சொன்னான். "ஈர மணலா அள்ளு தாயீ. கைய நல்லா ஓங்கி எறி."